பாதுகாவலர்: ஐயனார்

எங்கள் மகள் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம், ஆவணி லீவில் பள்ளிக்கூடத்தில் விசேட வகுப்பு வைத்தார்கள். காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டரைக்கு முடியும். புலமைப்பரிசில் சோதனை நெருங்கிவிட்டால் எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு லீவு இல்லை, பெற்றவர்களுக்கும் இல்லை.

வகுப்பு நல்லதுதான். பன்னிரண்டரைக்குப் பிறகு பிள்ளையை யார் பார்ப்பது என்பதுதான் வில்லங்கம். மனைவி கிளிநொச்சிப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மூன்று மாதம் ஒரு நாளும் நிற்காமல் போனால்தான் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். விடியுமுன் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனால், பின்னேரம் ஆறு மணிக்குத்தான் கொண்டுவந்து இறக்கும். நான் அரிசி ஆலையில் வேலை செய்கிறேன். நெல் கொட்டுவது, மூட்டை தைப்பது, தவிடு அள்ளுவது. ஐந்து மணிக்கு முன் அங்கிருந்து அசைய முடியாது. பிள்ளையை ஆலைக்குக் கொண்டுபோய் வைத்திருக்கவும் முடியாது. மெஷின் ஓடுகிற இடம். ஆக, ஒருவர் வேலையை விட வேண்டும். அது யார் என்று இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவள் புது யூனிபோமை மடித்து வைக்கிற விதத்தில் எனக்கு விளங்கியது.

அந்த நேரம் பார்த்துப் பிரதேச சபை ஓர் அறிவித்தல் போட்டது. வாசிகசாலைக்குப் பக்கத்து மண்டபத்தில், விசேட வகுப்புக்குப் போகும் பிள்ளைகளைப் பன்னிரண்டரையிலிருந்து ஐந்தரை வரை சபையே பார்த்துக்கொள்ளும். "விடுமுறைக்கால விசேட வகுப்பு மாணவருக்கான நீடிக்கப்பட்ட பகல்நேரப் பராமரிப்பு நிலையம்" என்று பதாகை கட்டினார்கள். பதாகை மண்டபத்தைவிட நீளம். கடைசிச் சொல் மூலை திரும்பி வாசிகசாலைச் சுவருக்குப் போய்விட்டது. அதனால் சிலபேர் வாசிகசாலையைத்தான் நிலையம் என்று நினைத்துப் பிள்ளையை அங்கே கொண்டுபோய்ப் பேப்பர் வாசிக்கிறவர்களுக்குப் பக்கத்தில் இருத்திவிட்டு வந்தார்கள். ஊரில் யாரும் அந்தப் பெயரை முழுதாகச் சொல்லவில்லை. "பின்னேர மடம்" என்றார்கள்.

மனைவி செய்தியைக் கேட்டதும் சாமித்தட்டில் விளக்கேற்றினாள். நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். கேட்காமலே கொடுத்துவிட்டார் என்றுதான் நினைத்தோம்.

படிவத்தை நான்தான் நிரப்பினேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். நாங்கள் இடம்பெயர்ந்தபோது படிப்பும் இடம்பெயர்ந்தது. நாங்கள் திரும்பி வந்தோம், அது வரவில்லை. என்றாலும் என் எழுத்து வடிவாக இருக்கும். தந்தை பெயர் என்று கேட்டிருந்தது, எழுதினேன். தாய் பெயர் என்று கேட்டிருந்தது, எழுதினேன். அதற்குக் கீழே பாதுகாவலர் பெயர் என்று இருந்தது.

யோசித்துப் பாருங்கள். தகப்பனையும் கேட்டாயிற்று, தாயையும் கேட்டாயிற்று. அதற்குப் பிறகும் பாதுகாவலர் என்று ஒருவரைக் கேட்கிறார்கள் என்றால், தாய் தகப்பனுக்கு மேலே இருப்பவரைத்தானே கேட்கிறார்கள்? சபைக்காரர் இவ்வளவு பக்தியானவர்களா என்று எனக்கு மனம் நிறைந்துபோயிற்று. எங்கள் ஊரில் காவல் என்றால் குளக்கட்டு ஐயனார்தான். குளம் உடைக்காமல் பார்ப்பவர் அவர், வயலுக்கு ஆனை இறங்காமல் பார்ப்பவரும் அவர். அதுவும் எங்கள் மகளுக்கும் அவருக்கும் தனியாக ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். "ஐயனார்" என்று எழுதினேன். விலாசம்: குளக்கட்டு. தொழில்: குளக்காவல். உறவுமுறை என்ற இடத்தில் கொஞ்சநேரம் பேனையைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு "எல்லாம்" என்று எழுதினேன். அடையாள அட்டை இலக்கத்துக்கு ஒரு கோடு கீறினேன்.

பொய் ஒன்றும் எழுதவில்லை. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

சபைக் கந்தோரில் இருந்த இளம்பிள்ளை படிவத்தைக் கம்பியூட்டரில் தட்டிக்கொண்டே கேட்டது.

"குளக்காவல் எண்டால் அரசாங்க உத்தியோகமோ அண்ணை?"

"அரசாங்கத்துக்கு முந்தியே இருக்கிறார் தங்கச்சி."

"அப்ப நிரந்தரம்தான். ஐடென்ரிக் காட் நம்பர் போடேல்லை?"

"அவரிட்டை இல்லை."

"துலைச்சுப்போட்டாரோ? எங்கடை மாமாவும் அப்பிடித்தான். இடம்பெயர்ந்தாக்களுக்கு இதொரு கரைச்சல்" என்று இரக்கப்பட்டு, அந்தப் பிள்ளை என் கோட்டை அப்படியே விட்டது.

அடுத்த நாள் பச்சை நிற அட்டை ஒன்று லமினேற் பண்ணித் தந்தார்கள். மகளின் படம், பெயர், பாதுகாவலர் ஐயனார். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதை நான் வாசிக்கவில்லை. என் கண்ணாடி ஆலையில் இருந்தது.

முதல் நாள் பின்னேரம் ஐந்தேகாலுக்குச் சைக்கிளில் போய் மண்டபத்துக் கேற்றடியில் நின்றேன். பிள்ளைகளைப் பார்க்கச் சபை வைத்திருந்தது ஐம்பது வயதுமட்டில் ஓர் அக்காவை. முல்லைத்தீவுக் கரையோரத்துக்காரி, வேதக்காரி, கழுத்தில் சின்னச் சிலுவை. பிள்ளைகளுக்கு அவர் அன்ரி, தாய் தகப்பன்மாருக்கு அக்கா. நல்ல மனுசி, ஆனால் கடதாசி என்றால் உயிர். அதற்குக் காரணம் இருந்தது. முந்தி வேறோர் ஊரில் இப்படி ஒரு நிலையத்தைப் பார்த்தபோது, சித்தப்பன் என்று வந்து நின்ற ஒருவரிடம் கடதாசியைப் பார்க்காமல் ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டாராம். தாயும் தகப்பனும் வழக்கில் இருந்தது அவருக்குத் தெரியாது. மூன்று நாள் பொலிசில் இருந்தெழும்பினாராம். பிள்ளை கிடைத்துவிட்டது. அவருக்குத்தான் அந்த மூன்று நாள் இன்னும் முடியவில்லை.

அக்கா அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்க ஆர் தம்பி?"

"பிள்ளையின்ரை தேப்பன்."

"தேப்பன் சரி. பாதுகாவலர் எங்கை?"

"அவர் வரமாட்டார் அக்கா."

"ஏன், சுகமில்லையோ?"

"சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை. அவர் கல்லு."

"என்ன கல்லு?"

"கருங்கல்லு. மழை நனையாமல் போன வருஷம்தான் தகரம் போட்டனாங்கள்."

மகள் புத்தகப்பையைத் தோளில் போட்டபடி, "அன்ரி, அது சாமி" என்றாள்.

அக்கா கதிரையில் இருந்துவிட்டார். அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்துச் சின்ன எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். "பிள்ளை, அட்டையில் குறிப்பிடப்பட்ட பாதுகாவலரிடம் மட்டுமே ஒப்படைக்கப்படும்." அப்போதுதான் அந்த வரியை நான் முதன்முதலாகக் கேட்டேன். மற்றத் தகப்பன்மார் எல்லாம் பாதுகாவலர் என்ற இடத்தில் தங்கள் பெயரையே இரண்டாந்தரம் எழுதியிருந்தார்கள். தன் பெயரைத் தானே இரண்டு முறை எழுதுவதற்கு எனக்குப் புத்தி வரவில்லை.

"தம்பி, உங்கடை சாமியோடை எனக்கு ஒரு கோவமும் இல்லை" என்றார் அக்கா. "ஆனால் கடதாசியிலை கிடக்கிற ஆளிட்டைத்தான் நான் பிள்ளையைக் குடுப்பன். நான் முந்திப் பட்ட பாடு மாதாவுக்குத்தான் தெரியும்."

"அப்ப என்ன செய்யிறது அக்கா? ஐஞ்சரை ஆகுது."

"விலாசம் போட்டிருக்குத்தானே. வாங்கோ, கொண்டுபோய்க் குடுப்பம்."

பகிடி என்று நினைத்தேன். அவர் மண்டபத்தைப் பூட்டி, பதிவேட்டைக் கக்கத்தில் வைத்து, மகளை ஸ்கூட்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். நான் சைக்கிளில் பின்னால் மிதித்தேன். என் பிள்ளையை என் கண்ணுக்கு முன்னால் இன்னொருவரிடம் ஒப்படைக்கப் போகிறார்கள், நான் பின்னால் மூச்சிரைக்க ஓடுகிறேன். வழியில் கண்டவர்கள் என்ன நடந்தது என்று கேட்டார்கள். மணியை அடித்துவிட்டு மிதித்தேன்.

குளக்கட்டில் பாலைமரத்துக்குக் கீழே ஐயனார் இருந்தார். பூசாரி விளக்குத் திரியைச் சரிபண்ணிக்கொண்டிருந்தார். அவர் பகலில் உழவு மெஷின் ஓட்டுகிறவர், பின்னேரம் குளித்துவிட்டு விளக்கு வைக்க வருவார். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, மகளின் தோளில் கைவைத்து முன்னால் நிறுத்தினார்.

"ஐயா, பிள்ளையை நல்லபடியாக் கொண்டுவந்திருக்கிறன். மத்தியானம் சோறு வடிவாச் சாப்பிட்டது. கணக்கிலை மூண்டு பிழை. பாரம் எடுங்கோ."

பிறகு பதிவேட்டைப் பூசாரியிடம் நீட்டினார். "கையெழுத்து வேணும்."

"ஆர் வைக்கிறது?" என்றார் பூசாரி.

"அவர்தான். பிள்ளை அவற்றை பேரிலைதானே கிடக்கு."

பூசாரி என்னைப் பார்த்தார். நான் குளத்தைப் பார்த்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சந்தனத்தை விரலில் தொட்டு, ஐயனாரின் காலடியில் வைத்து எடுத்து, கையொப்பம் என்ற கட்டத்துக்குள் ஒரு பொட்டு வைத்தார். அக்கா அதை ஊதிக் காயவைத்தார்.

"சரி, என்ரை பொறுப்பு முடிஞ்சுது. இனி அவரிட்டை இருந்து நீங்க கூட்டிக்கொண்டு போறது உங்கள் ரெண்டு பேற்றையும் அலுவல்."

நான் விழுந்து கும்பிட்டேன். "கூட்டிக்கொண்டு போறன் ஐயனே" என்று சொல்லி மகளைச் சைக்கிளில் ஏற்றினேன். ஒரு நாளைக்குத்தானே என்று நினைத்தேன்.

இப்படியே பதினொரு நாள் நடந்தது.

படிவத்தைத் திருத்தித் தரும்படி கந்தோருக்கு இரண்டு முறை போனேன். அட்டை அடித்தாயிற்று, அதை மாற்றுவதற்கு மேற்பார்வை அலுவலர் வரவேண்டும் என்றார்கள். அவர் எப்போது வருவார் என்று கேட்டால், வரும்போது தெரியும் என்றார்கள். அதுவரை ஒவ்வொரு பின்னேரமும் ஸ்கூட்டி முன்னால், சைக்கிள் பின்னால். மூன்றாம் நாள் இன்னும் இரண்டு பிள்ளைகள் தங்களையும் சாமியிடம் ஒப்படைக்கச் சொல்லி அழுதார்களாம். ஐந்தாம் நாள், ஏதோ திருவிழா தொடங்கியிருக்கிறது என்று நினைத்து ஒரு வீட்டுக்காரர் மோதகம் அவித்துக்கொண்டு வந்துவிட்டார். வந்த மோதகத்தை வீணாக்கக்கூடாது என்று எல்லோரும் இருந்து சாப்பிட்டோம். அடுத்த நாள் கடலை வந்தது. ஒரு நாள் மழை. ஒரே ஒரு குடை. அதை அக்கா பதிவேட்டுக்குப் பிடித்தார். நாங்கள் மூவரும் நனைந்தோம்.

மனைவிக்கு முதல் இரண்டு நாளும் நான் சொல்லவில்லை. மூன்றாம் நாள் தொழிற்சாலை பஸ்சில் யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு அவள் வீட்டுக்குள் கால் வைத்ததும் வைக்காததுமாகத் தொடங்கினாள்.

"என்னப்பா, ஏன் அப்பிடி எழுதினனீங்கள்?"

"உள்ளதைத்தான் எழுதினனான்."

"உள்ளதை இல்லாமல் செய்யச் சொல்லி நான் ஒம்பது வருஷமாச் சொல்லுறன். ஒரு கடகம் தவிட்டைக் கொண்டுபோய்க் குடுத்துப்போட்டுப் பிள்ளையை வாங்குங்கோ எண்டு. தவிட்டுக்குள்ளையே நிக்கிற மனுசன். காதுக்குள்ளை தவிடு, சாப்பாட்டுக் கோப்பையிலை தவிடு. கோயிலுக்குக் கொண்டுபோகத்தான் தவிடு இல்லை."

இதுதான் நான் பிறகு சொல்கிறேன் என்ற கொடுக்கல் வாங்கல்.

மகளுக்கு எட்டு மாதமாக இருந்தபோது காய்ச்சல் வரும். காய்ச்சல் வந்தால் வலிப்பும் வரும். கண் மேலே சொருகி, கைகால் விறைத்து, என் மடியில் கிடந்து அது படும் பாட்டை எழுத எனக்கு இப்போதும் கை வராது. ஆஸ்பத்திரியில் மருந்து தந்தார்கள், வளர வளரச் சரியாகும் என்றார்கள். நாங்கள் மருந்தும் கொடுத்தோம், நேர்த்தியும் வைத்தோம். எங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. பிள்ளை தங்காது என்று பயம் வந்தால், அதைச் சாமிக்கே விற்றுவிடுவது. இனி இது என் பிள்ளை இல்லை, உன் பிள்ளை, நீ பார் என்று காலடியில் கிடத்திவிடுவது. பிறகு ஒரு நல்ல நாளில் கடகப்பெட்டி நிறையத் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வது. நானும் மகளைப் பாலைமரத்தடியில் கிடத்தி, ஐயனாருக்கு விற்றேன். அதற்குப் பிறகு வலிப்பு வரவே இல்லை.

திரும்ப வாங்குவதாக இருந்த வெள்ளிக்கிழமை குளம் நிரம்பி வான் பாய்ந்து பாதை அறுந்துவிட்டது. அடுத்த வெள்ளி ஏதோ வேலை. அதற்கடுத்த வெள்ளி நான் வேண்டுமென்றே மறந்தேன். மனைவியிடம் எனக்குச் சோம்பல் என்று சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அவர் பிள்ளையாக இருக்கும்வரை அவளுக்கு ஒன்றும் நடவாது, என் பிள்ளையாக வாங்கிவிட்டால் அந்தக் காய்ச்சல் திரும்பி வந்துவிடும் என்று எனக்குப் பயம். ஒரு கடகம் தவிட்டுக்கு யாராவது அப்படிப்பட்ட காவலை விற்பார்களா? அதனால்தான் அந்தப் படிவத்தில் கை கூசாமல் எழுதினேன்.

பன்னிரண்டாம் நாள் செவ்வாய்க்கிழமை, மேற்பார்வை அலுவலர் வந்தார். நெற்றி நிறையத் திருநீறு பூசிய மனுசன். பதிவேட்டைப் புரட்டியவர் ஓர் இடத்தில் நின்றுவிட்டார். ஆலைக்கு ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள். தலை முழுக்கத் தவிட்டோடு போய் நின்றேன்.

"இதென்ன, கறை?" என்று அக்காவைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கையெழுத்து சேர்."

"சந்தனம் மாதிரிக் கிடக்கு."

"சந்தனம்தான் சேர். பதினொரு நாளும் ஒரே மாதிரி வைச்சிருக்கிறார். ஒப்பிட்டுப் பாருங்கோ."

அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். அது எனக்கு அவர்மேல் ஒரு மரியாதையை உண்டாக்கியது. பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நான் இப்ப என்ன எழுதிறது? பாதுகாவலர் எண்டு ஒருத்தர் இல்லை எண்டு எழுதவேணும். ஐயனார் இல்லையெண்டு என்ரை கையாலை நான் எப்பிடி எழுதிறது?"

"எழுதவேண்டாம் சேர்" என்றேன்.

"இருக்கிறார் எண்டும் எழுத ஏலாது. மேலிடத்திலை கேப்பினம்." ஒரு கோவையைத் திறந்து விரலை நக்கிப் புரட்டினார். "பாதுகாவலர் மாற்றம் எண்டு ஒரு படிவம் இருக்கு. பழைய பாதுகாவலற்றை சம்மதக் கடிதம் வேணும். பழைய ஆள் வெளிநாடு எண்டால் அங்கையிருந்து எழுதி அனுப்பலாம். ஆள் வெளிநாடோ?"

"குளக்கட்டு சேர்."

கந்தோரிலிருந்து கூட வந்திருந்த அந்த இளம்பிள்ளை மெல்லமாகச் சொன்னது, "செத்துப்போனார் எண்டால் கடிதம் தேவையில்லை சேர்."

"வாயைக் கழுவு பிள்ளை" என்றோம் நானும் அலுவலரும் ஒரே நேரத்தில்.

முடிவாக அவர் சொன்னது இதுதான். வெள்ளிக்கிழமைக்குள் சம்மதக் கடிதம் வரவேண்டும். வராவிட்டால் திங்கள் தொடக்கம் மகளுக்கு இடமில்லை. ஐந்து பிள்ளைகள் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். அவர் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. திங்கள் இடமில்லை என்றால் திங்கள் மனைவி வீட்டில் நிற்க வேண்டும். மூன்று மாதம் முடிய இரண்டு கிழமைதான் இருந்தது.

அன்றைக்கு நான் அவளிடம் சொன்னபோது அவள் யூனிபோமை எடுத்துத் திருப்பி மடித்தாள். பேசியது மகள்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"அப்பா, என்னை ஏன் இன்னும் வாங்கேல்லை?"

"ஆர் சொன்னது உனக்கு?"

"மடத்திலை எல்லாருக்கும் தெரியும். என்னை ஐயனார் பிள்ளை எண்டுதான் கூப்பிடுறவை. அது பரவாயில்லை. எல்லாற்றை அப்பாவும் கேற்றடிக்கு வந்து கூட்டிக்கொண்டு போகினம். நீங்க மட்டும் ஸ்கூட்டிக்குப் பின்னாலை ஓடி வாறீங்கள்." சோற்றைப் பிசைந்தாள். "தவிடு கனக்க வேணுமோ?"

தவிட்டுக்குப் பெறுமதி இல்லை என்று தெரியாத பிள்ளை அல்ல அவள். அது கூடவா தகப்பனால் முடியவில்லை என்று கேட்கிறாள்.

வியாழன் வரைக்கும் பழையபடி பொட்டுத்தான். வெள்ளிக்கிழமை ஆலையில் ஒரு மணித்தியாலம் முன்னதாகக் கேட்டு வந்தேன். சைக்கிள் கரியரில் ஒரு முழு மூட்டைத் தவிடு கட்டினேன். அக்கா மற்றப் பிள்ளைகளைக் கந்தோர் இளம்பிள்ளையிடம் கையெழுத்து வாங்கிப் பாரம் கொடுத்துவிட்டு, சாட்சிக்காக மகளோடு ஸ்கூட்டியில் வந்தார். அன்றைக்கு முதன்முறையாக நான் முன்னால் போனேன். பூசாரி மூட்டையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கடகம் ஒண்டு காணும் எண்டு அண்டைக்குச் சொன்னனான்."

"ஒம்பது வருஷம் வளத்திருக்கிறார் அண்ணை. சும்மா ஒரு கடகத்தோடை வந்து நிக்க மனம் வரேல்லை."

"அவர் சாப்பிடாட்டியும் என்ரை மாடு சாப்பிடும்" என்று சொல்லி மூட்டையை இறக்கினார். அந்தத் தவிடு எங்கே போகும் என்பது எனக்கும் தெரியும், ஐயனாருக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம்.

தீபம் காட்டினார். இவ்வளவு காலமும் உன்னில் பாரத்தைப் போட்டுவிட்டு நித்திரை கொண்டேன், இனி நான் முழித்திருக்க வேண்டும், எனக்குப் பயமாக இருக்கிறது என்று மனதுக்குள் சொன்னேன். பூசாரி மகளின் கையைப் பிடித்து என் கையில் தந்தார். "தவிட்டுக்குப் பிள்ளை, பிள்ளைக்குத் தவிடு. கொண்டுபோ." அவள் கை வேர்த்திருந்தது. அக்கா ஓரமாக நின்று சிலுவை போட்டுக்கொண்டார். எந்தப் பக்கத்துச் சாமி கேட்டாலும் சரி என்று நான் நினைத்தேன்.

பிறகு கடிதம். பூசாரி உழவு மெஷினில் வைத்திருந்த கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எழுதினார்: குளக்கட்டு ஐயனாருக்கு விற்கப்பட்ட பெண்பிள்ளையை ஒரு மூட்டைத் தவிட்டுக்குத் தகப்பன் திரும்ப வாங்கிக்கொண்டார், இனி எங்களுக்கு உரித்தில்லை. கீழே சந்தனப் பொட்டு. அதற்குக் கீழே அக்காவின் சாட்சிக் கையொப்பம். எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு கந்தோர் பூட்டுமுன் ஓடினோம்.

அலுவலர் வாசித்தார். முகம் வெளிறியது.

"இதைக் கோவையிலை போட்டால் எல்லாரும் மறியலிலை கம்பி எண்ணவேண்டியதுதான்."

"ஏன் சேர்?"

"பிள்ளை விக்கிறது குற்றம் அண்ணை. வாங்கிறதும் குற்றம். சபையின்ரை கோவையிலை பிள்ளையை வித்ததுக்குக் கடதாசி, சாட்சிக்குச் சபை உத்தியோகத்தர்."

அக்கா சிலுவையைப் பிடித்துக்கொண்டார். திரும்பவும் பொலிஸ் என்று நினைத்திருப்பார். நான் கேட்டேன், "அப்ப திருப்பிக் குடுக்கிறதோ?"

"திருப்பிக் குடுத்தால் அது இரண்டாவது விற்பனை." அவர் நெற்றியைத் தடவினார். திருநீறு கையில் வந்தது. கொஞ்சநேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் புதுத் தாள் ஒன்றை எடுத்தார். தானே எழுதினார். "இதுவரை பாதுகாவலராக இருந்தவர் தன் பொறுப்பைப் பிள்ளையின் தந்தையிடம் மனமுவந்து கையளிக்கிறார். தவிடு ஒரு மூட்டை, அன்பளிப்பு." அக்கா அந்தத் தாளை ஸ்கூட்டியில் கொண்டுபோய்ப் புதுச் சந்தனப் பொட்டு வாங்கிவந்தார். அலுவலர் பொட்டின் மேல் படாமல் பக்கத்தில் பார்த்துச் சீல் குத்தினார். பழைய கடிதத்தை என்னிடம் தந்து, "இதை வீட்டிலை சாமித்தட்டிலை வையுங்கோ, ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ" என்றார். கந்தோர் பூட்டி அரை மணித்தியாலம் ஆகியிருந்தது. ஒருவரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை.

திங்கட்கிழமை மனைவி விடியவே பஸ் ஏறினாள். பின்னேரம் நான் கேற்றடியில் போய் நின்றேன். புது அட்டையில் பாதுகாவலர் என்ற இடத்தில் என் பெயர் இரண்டாந்தரம் இருந்தது. அக்கா அட்டையை வாங்கி, மூன்று கிழமை தன்னோடு குளக்கட்டுக்கு வந்த என்னை, முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"நீங்க ஆர்?"

"பாதுகாவலர்" என்றேன்.

"கையெழுத்து வையுங்கோ."

பேனையால் வைத்தேன். மேலே பதினான்கு சந்தனப் பொட்டும் காய்ந்து வரிசையாக இருந்தன. அவற்றுக்குக் கீழே என் கையெழுத்து சின்னப்பிள்ளை எழுதியதுபோலக் கோணிக் கிடந்தது.

மகள் சைக்கிளில் ஏறி, "குளக்கட்டாலை போவம் அப்பா, பாத்துக்கொண்டு நிப்பார்" என்றாள். நேர்ப்பாதை இருக்க, சுற்றித்தான் போனோம். பாலைமரத்தைக் கடக்கும்போது அவள் இறங்கவில்லை. கையை மட்டும் உயர்த்தி, பள்ளிக்கூடச் சினேகிதிக்குச் சொல்வதுபோல, "நான் வீட்டை போறன்" என்றாள். பூசாரியின் மாடு தவிட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தது.

சோதனை முடிந்து, லீவும் முடிந்து, மடத்தையும் மூடிவிட்டார்கள். மனைவியின் வேலை நிரந்தரமாகிவிட்டது. பதாகையை யாரோ கழற்றிக்கொண்டுபோய்த் தங்கள் மாட்டுக்கொட்டிலுக்குக் கூரை போட்டிருக்கிறார்கள். அந்த வழியால் போனால் "பராமரிப்பு நிலையம்" மட்டும் தெரியும்.

மகளுக்கு இதுவரை ஒன்றும் வரவில்லை. ஒருமுறை தடிமன் வந்து இரண்டு நாள் மூக்கைச் சிந்தினாள், அவ்வளவுதான். ஆனாலும் ஒவ்வொரு நாள் காலையும் அவள் பள்ளிக்கூடம் வெளிக்கிடும்போது கூப்பிட்டு நிறுத்தி நெற்றியில் கை வைக்கிறேன். "நேற்றும் பூசினனீங்கள், இண்டைக்கு ஏன் இவ்வளவு நேரம்?" என்கிறாள். திருநீறு பூசுகிறேன் என்று சொல்கிறேன். விரல் மூன்றால் பூசிவிட்டுப் புறங்கையால் சூடு பார்க்கிறேன்.